எடின்பராவுக்கு குழந்தைங்களோட போறீங்களா? மேட்டுல ஆரம்பிங்க

ஸ்காட்லாந்துக்கு புதுசா குடி வந்த குடும்பங்க, இல்ல லீவுக்கு குழந்தைங்களோட வர்றவங்க, எல்லாரும் கேக்குறது இதுதான்: எடின்பராவ ரெண்டு மூணு நாள்ல பாத்துடலாமா, சின்னது நடக்குமா, பிராம், அதான் குழந்தைய வெச்சு தள்ளுற வண்டி, தள்ளிட்டு போக முடியுமா. பாக்கலாம், தாராளமா பாக்கலாம். ஆனா நெட்ல இருக்குற "கட்டாயம் பாக்க வேண்டிய இருபது இடம்" லிஸ்ட்ட கையில வெச்சுக்கிட்டு ஓடினீங்கன்னா மத்தியானத்துக்குள்ள பிள்ளைங்க நடுரோட்டுல உக்காந்துடும். இந்த ஊர்ல தூரம் பிரச்சனையே இல்லைங்க, மேடு பள்ளம்தான் பிரச்சனை.

மேப்ப நம்பாதீங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஓல்ட் டவுன், அதாவது கோட்டைய ஒட்டின பழைய ஊர், ரெண்டு அடுக்கா இருக்கு. சவுத் பிரிட்ஜ், ஜார்ஜ் ஃபோர்த் பிரிட்ஜ்னு ரெண்டு ரோடு, நடக்கும்போது பாலத்து மேல போறோம்னே தெரியாது, ரெண்டு பக்கமும் கடை, காபி, பஸ் ஸ்டாப் எல்லாம் சாதாரணமா இருக்கும். திடீர்னு ஒரு இடத்துல கட்டடத்துக்கு நடுவுல இடைவெளி வரும், எட்டிப் பாத்தா கீழ கவ்கேட்னு இன்னொரு ரோடு, அதுல கார் போயிட்டிருக்கும். போன்ல நீலப் புள்ளி நீங்க இடத்துக்கு வந்து சேந்துட்டீங்கன்னு காட்டும், ஆனா நீங்க தேடுற கடை பல மாடி கீழ இருக்கும், அங்க போகணும்னா படிக்கட்டு. கையில பிராம், தோள்ல பை, மழை வேற.

அதனால நான் எல்லாருக்கும் சொல்ற ஒரே விதி: மேட்டுக்கு பஸ்ல ஏறுங்க, பள்ளத்துக்கு நடந்து இறங்குங்க. ஒரு நாளைக்கு காசு கொடுத்து ஒண்ணு, இலவசமா ஒண்ணு, அதுக்கு மேல எதையும் திணிக்காதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

எப்போ போறீங்கங்கறது முக்கியம். ஆகஸ்ட்னா கலை ஃபெஸ்டிவல், 1947-ல ஆரம்பிச்சது, ஊரே தெருவுல இருக்கும், கோட்டையிலிருந்து இறங்குற ராயல் மைல் தெருவுல நெருப்பு விழுங்குறவங்க, ஒத்தச் சக்கர சைக்கிள்காரங்கன்னு பிள்ளைங்களுக்கு காசு இல்லாமலே வேடிக்கை, ஆனா ஹோட்டல் வாடகை எக்குத்தப்பா ஏறிடும், பிராம் தள்ள வழியே கிடைக்காது. ஸ்காட்லாந்து ஸ்கூல் லீவு ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஆகஸ்ட் நடுவுல முடிஞ்சிடும், அதனால இங்கயே குடியிருக்கறவங்க ஜூலை முதல் ரெண்டு வாரத்த பிடிச்சுக்கோங்க. என்னைக் கேட்டா மே மாசம்தான் நல்ல மாசம், வெளிச்சம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருக்கும், கூட்டமும் தாங்கும். டிசம்பர்னா சாயங்காலம் மூணே முக்காலுக்கு முன்னாடியே சூரியன் போயிடும், அப்போ வெளிய பாக்க வேண்டியதை காலையிலயே பாத்துட்டு இருட்டினதும் மியூசியத்துக்குள்ள போயிடணும். ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு இன்னொண்ணு, 2026 ஜூலை 24-லிருந்து ஊர்ல தங்குறதுக்கு 5 சதவீதம் வரி இருக்கு, தொடர்ந்து தங்கினா முதல் அஞ்சு ராத்திரிக்கு மட்டும். பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

குடை வேண்டாம். நிஜமா சொல்றேன், இந்த ஊர் காத்து குடைய உள்ளயிருந்து வெளிய புரட்டி போட்டுடும், மழைக்கு அப்புறம் பிரின்சஸ் ஸ்ட்ரீட் குப்பைத் தொட்டில கம்பியோட கம்பியா செத்துக் கிடக்குற குடைங்கள பாத்தா உங்களுக்கே புரியும். தொப்பி வெச்ச ரெயின்கோட், பிராமுக்கு பிளாஸ்டிக் கவர், ஜூன் மாசமா இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர். வெயில் அடிக்கும்போதே கடல்ல இருந்து பனிமூட்டம் ஏறி வரும், கால் மணி நேரத்துல கோட்டை காணாம போயிடும்.

இங்கயே குடி வந்தவங்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம், நிறைய பேர் மாசக்கணக்கா தெரியாம காசு கொடுத்துட்டிருக்காங்க: ஸ்காட்லாந்துல வசிக்கிற 22 வயசுக்கு கீழ உள்ள எல்லா பிள்ளைங்களுக்கும் பஸ் இலவசம். 2022 ஜனவரி 31-லிருந்து இருக்கு. அஞ்சு வயசுக்கு கீழ எப்படியும் இலவசம்தான், 5-லிருந்து 21 வரைக்கும் நேஷனல் என்டைட்டில்மென்ட் கார்டு வாங்கணும், ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம், சின்ன பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா பண்ணனும். கார்டு கையில வந்ததுக்கு அப்புறம்தான் இலவசம், அதனால டூருக்கு முந்தின நாள் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. டூரிஸ்ட்டா வர்றவங்களுக்கு இது கிடையாது, சைல்டு டிக்கெட் எடுக்கணும்.

அப்புறம் கார். புதுசா வந்தவங்க பெரும்பாலும் முதல்ல பழைய டீசல் வண்டிதான் வாங்குவாங்க, சிட்டி சென்டர்ல புகை அதிகமா விடுற வண்டிய தடுக்குற லோ எமிஷன் ஸோன் 2024 ஜூன்லிருந்து அமல்ல இருக்கு, யூரோங்கற புகை தர அளவுல யூரோ 6-க்கு முந்தின டீசல், யூரோ 4-க்கு முந்தின பெட்ரோல் வண்டி உள்ள போனா கேமரா பிடிச்சு ஃபைன் வீட்டுக்கு வந்துடும். புது வண்டியா இருந்தாலும் பார்க்கிங் காசுல ரெண்டு வேளை சாப்பிடலாம். இங்கிலிஸ்டன், ஹெர்மிஸ்டன், ஸ்ட்ரெய்டன் மாதிரி ஊரச் சுத்தி பார்க் அண்ட் ரைடு இருக்கு, வண்டிய அங்க விட்டுட்டு பஸ்லயோ டிராம்லயோ வாங்க.

ஊருக்குள்ள வர்றது

கிளாஸ்கோவிலிருந்து ட்ரெயின்ல வந்தா ஐம்பது நிமிஷம் போல ஆகும், வேவர்லி ஸ்டேஷன்ல இறங்குவீங்க. அந்த ஸ்டேஷனே ஒரு பள்ளத்துல இருக்கு, இதை மனசுல வெச்சுக்கோங்க. பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் ஏற எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும் இருக்கு, ஓல்ட் டவுனுக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் வாசல். வெளிய போறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் டாய்லெட்ட யூஸ் பண்ணிடுங்க, இலவசம், ஊருக்குள்ள பப்ளிக் டாய்லெட் தேடி அலையறது சாதாரண வேலை இல்ல.

ஏர்போர்ட்லிருந்து டிராம் நேரா பிரின்சஸ் ஸ்ட்ரீட் வழியா நியூஹேவன் வரைக்கும் போகுது, பிராமோட ஏறி இறங்க ரொம்ப சுலபம், டிக்கெட்ட ஏறுறதுக்கு முன்னாடியே பிளாட்ஃபார்ம் மெஷின்லயோ ஆப்லயோ எடுத்துடணும். ஏர்போர்ட் ஸ்டாப்புக்கு மட்டும் கட்டணம் தனி, கூட. அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தா குறையும்னு யாராவது உங்களுக்கு சொல்லுவாங்க, லக்கேஜ், தூங்குற குழந்தை, இதோட அந்த சேமிப்பு வேண்டவே வேண்டாம்.

லோதியன்ங்கறது ஊர் பஸ் கம்பெனி, அந்த பஸ்ல டிரைவர் சில்லறை தரமாட்டார். நோட்டு நீட்டினா மிச்சம் கிடைக்காது, சரியான சில்லறை போடணும், இல்ல கார்டு டேப் பண்ணனும். டேப் பண்ணினா ஒரு நாளைக்கு ஒரு அளவுக்கு மேல பிடிக்காது, எத்தன தடவை ஏறினாலும் சரி, ஆனா ஒரு கார்டுல ஒரு ஆள்தான், கணவன் மனைவி ரெண்டு பேரும் வேற வேற கார்டோ போனோ வெச்சுக்கோங்க. பிராமுக்கு இடம் உண்டு, வீல்சேர் வந்தா மடக்கணும், அதனால டக்குனு மடங்குற லேசான பிராமா கொண்டு வாங்க, அந்த பெரிய மூணு சக்கர வண்டிய வீட்லயே விடுங்க, கோட்டை ரோட்டுல கல்லு பதிச்சிருக்கறதால சின்ன சக்கரம் கடகடன்னு ஆடும்தான், ஆனாலும் தூக்கிக்கலாம்.

ரெண்டு பஸ் ரூட் மனப்பாடம் பண்ணுங்க, பாதி ஊர் முடிஞ்சுது. 23, 27 ரெண்டும் பொட்டானிக் கார்டன் பக்கத்துல இருந்து வந்து, பிரின்சஸ் ஸ்ட்ரீட்ட கடந்து, த மவுண்ட்னு இருக்குற மேட்ட உங்களுக்காக ஏறி, ஜார்ஜ் ஃபோர்த் பிரிட்ஜ்ல மியூசியத்துக்கிட்ட விடும். 26 ஒரு பக்கம் ஜூ, நடுவுல பிரின்சஸ் ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் போர்ட்டபெல்லோ பீச்.

முதல் நாள்: கோட்டையிலிருந்து கீழ

கோட்டைக்கு டிக்கெட்ட ஆன்லைன்ல முன்னாடியே எடுங்க, வாசல்ல எடுத்தா விலையும் கூட, சீசன்ல டிக்கெட்டே இல்லாமலும் போகும். காலையில 9.30 ஸ்லாட்தான் எடுக்கணும். 23 இல்ல 27 பிடிச்சு மேல வந்து, லான்மார்க்கெட் வழியா கோட்டை வாசலுக்கு கொஞ்ச தூரம் ஏறினா போதும்.

உள்ள போனதும் எல்லாரும் பீரங்கி பக்கம் நின்னு போட்டோ எடுத்துட்டிருப்பாங்க, நீங்க அதை விட்டுட்டு நேரா மேல கிரவுன் ஸ்கொயருக்கு போயிடுங்க, கிரீடம் இருக்குற ரூமுக்கு பதினோரு மணிக்கு மேல க்யூ நீண்டுடும். கிரீடம், செங்கோல், வாள் மூணும் 1707-ல பெட்டியில வெச்சு பூட்டி, எங்க இருக்குன்னே ஜனங்க மறந்து போயி, 1818-ல எழுத்தாளர் வால்டர் ஸ்காட் போயி திறந்து கண்டுபிடிச்ச கதைய போற வழியிலயே பிள்ளைங்களுக்கு சொல்லிடுங்க, அப்போதான் கண்ணாடிக்குள்ள இருக்கறத ஆர்வமா பாக்கும். அது கூட இருந்த பட்டாபிஷேகக் கல்லு 2024-லிருந்து பெர்த் மியூசியத்துல இருக்கு, பழைய வீடியோ பாத்துட்டு தேடாதீங்க.

அப்புறம் மான்ஸ் மெக், 1449-ல செஞ்ச பீரங்கி, 150 கிலோ கல் குண்ட மூணு கிலோமீட்டருக்கு வீசுமாம், குழாய்க்குள்ள சின்ன பிள்ளை தலைய விட்டா போகும் போல இருக்கு, விட வேண்டாம். அங்கிருந்து மதில் ஓரமா கீழ எட்டிப் பாத்தா ஒரு குட்டி புல்தரை, அதுல வரிசையா சின்னச் சின்ன கல்லறைங்க. பட்டாளத்துக்காரங்க வளத்த நாய்ங்களுக்கானது. கோட்டையில இத்தன ராஜா ராணி கதை இருக்க, பிள்ளைங்க வீட்டுக்கு வந்து பேசுறது பெரும்பாலும் இந்த நாய் கல்லறையத்தான்.

ஒரு மணிக்கு பீரங்கி சுடுவாங்க. ஞாயிறு, குட் ஃப்ரைடே, கிறிஸ்மஸ் தவிர தினமும், 1861-லிருந்து. லீத் துறைமுகத்துல நிக்கிற கப்பலுங்க நேரத்த சரி பண்ணிக்கறதுக்காக ஆரம்பிச்சது, மூடுபனியில கண்ணுக்கு எதுவும் தெரியாதுல்ல, அதனால சத்தம். ஏன் பன்னெண்டு மணிக்கு சுடல, ஒரு மணிக்கு சுடறாங்கன்னு கேட்டா, பன்னெண்டு குண்டுக்கு பதிலா ஒரு குண்டோட முடிச்சு காசு மிச்சம் பண்றாங்கன்னு ஊர்க்காரங்களே தங்களை கிண்டல் பண்ணிக்குவாங்க. கிட்ட நின்னா சத்தம் நெஞ்சுல இடிக்கும், சத்தத்துக்கு பயப்படுற குழந்தை, கைக்குழந்தை இருந்தா காத பொத்திடுங்க, இல்ல பன்னெண்டரைக்கே கோட்டைய விட்டு இறங்கிடுங்க. பிரின்சஸ் ஸ்ட்ரீட் கார்டன்ல இருந்து கேக்குறதுதான் எனக்கு பிடிச்சது. புல்லுல உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டிருக்கும்போது டமார்னு ஒரு சத்தம், புறாக்கூட்டம் மொத்தமா எழும்பும், டூரிஸ்ட் எல்லாம் திடுக்கிட்டு திரும்புவாங்க, ஊர்க்காரங்க மட்டும் அசையாம மணிக்கட்ட திருப்பி வாட்ச பாப்பாங்க.

கோட்டைய விட்டு வெளிய வந்ததும் வலது இடதுன்னு யோசிக்க வேண்டாம், கீழ பாத்து நடங்க, அதுதான் ராயல் மைல். ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் சொச்சம், முழுக்க இறக்கம், அடியில ஹோலிரூட் அரண்மனை.

வாசல்லயே கேமரா அப்ஸ்க்யூரா. விலை ஜாஸ்திதான், ஆனா ஆறு வயசுக்கு மேல இருக்குற பிள்ளைங்களுக்கு கோட்டையவிட இதுதான் பிடிக்கும். கண்ணாடி மாயம், சுத்துற டனல் எல்லாம் இருக்கு, உச்சியில ஒரு இருட்டு ரூம், நடுவுல வெள்ளை வட்ட மேசை, கூரையில இருக்குற லென்ஸ் வழியா வெளிய நடக்கறது அப்படியே மேசை மேல ஓடும், பஸ், புறா, நடந்து போற ஆளுங்க எல்லாம். கைடு ஒரு பேப்பர் துண்ட நீட்டுவாங்க, ரோட்டுல நடந்து போற ஒருத்தர் அந்த பேப்பர் மேல ஏறுவார், அப்படியே அலாக்கா தூக்குவாங்க. அந்த ரூம்ல சிரிக்காத குழந்தைய நான் பாத்ததில்ல. பேட்டரி, புரொஜெக்டர் எதுவும் இல்ல, 1850-கள்ல இருந்து இதே வித்தைதான். வெளிச்சம் இருந்தாதான் படம் நல்லா தெரியும், அதனால கருமேகம் கட்டியிருந்தா அப்போதைக்கு மத்த மாடிய மட்டும் பாத்துட்டு வெயில் வந்ததும் திரும்பி வாங்க, டிக்கெட் அன்னிக்கு முழுக்க செல்லும். மாடி மாடியா படிக்கட்டு, பிராம் ஏறாது.

இன்னும் கீழ வந்தா செயின்ட் கைல்ஸ் கதீட்ரல், உள்ள போக காசு இல்ல, உண்டியல்ல போடலாம். வாசலுக்கு வெளிய தரையில இதய வடிவத்துல கல் பதிச்சிருக்கும், பழைய ஜெயில் இருந்த இடம், ஊர்க்காரங்க அதுல துப்பிட்டு போவாங்க, நல்ல சகுனமாம். சின்னது அதுல போயி உக்காராம பாத்துக்கோங்க.

எதிர்ப்பக்கம் மேரி கிங்ஸ் க்ளோஸ், பூமிக்கு கீழ மூடிப் போன பழைய சந்துங்க. அஞ்சு வயசுக்கு கீழ விடமாட்டாங்க, கைக்குழந்தையக்கூட. க்யூவுல நின்னுட்டு திரும்பாதீங்க. பெரிய பிள்ளைங்கள ஒருத்தர் கூட்டிட்டு போக, இன்னொருத்தர் சின்னத எடுத்துக்கிட்டு கொஞ்சம் கீழ மியூசியம் ஆஃப் சைல்டுஹுட் போயிடுங்க. அது இலவசம், 1955-ல ஆரம்பிச்சது, உலகத்துலயே குழந்தைப் பருவத்துக்குன்னு வந்த முதல் மியூசியம். பொம்மை, டால்ஹவுஸ், பழைய டீச்சர் பிரம்பு எல்லாம் இருக்கு. உண்மைய சொன்னா அங்க பிள்ளைங்களவிட பெரியவங்கதான் கண்ணாடில மூக்க ஒட்டிட்டு நிப்பாங்க.

நேரம் இருந்தா ராயல் மைலோட கீழ்ப்பகுதியான கேனங்கேட் வரைக்கும் மெதுவா நடங்க, போற வழியில சந்துக்குள்ள சந்தா நிறைய க்ளோஸ் வரும், பிள்ளைங்கள முன்னாடி விட்டு ஏதாவது ஒண்ணுல நுழைஞ்சு பாருங்க, டன்பார்ஸ் க்ளோஸ்ல ஒரு குட்டி தோட்டம் ஒளிஞ்சிருக்கு, கூட்டமே இருக்காது, பால் கொடுக்கணும்னா பெஞ்ச் இருக்கு. கடைசியில ஸ்காட்டிஷ் பார்லிமென்ட். உள்ள போக காசு இல்ல, ஏர்போர்ட் மாதிரி செக்கிங் உண்டு, ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். கட்டடம் பிடிக்குதோ இல்லையோ, சுத்தமான டாய்லெட், டயப்பர் மாத்த இடம், காபி மூணும் ஒரே இடத்துல கிடைக்கும், ராயல் மைல் முழுக்க இறங்கி வந்த குடும்பத்துக்கு வேற என்ன வேணும். அரண்மனைக்குள்ள போகலாமான்னா, சின்ன பிள்ளைங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், ராணி மேரியோட ரூம்ல 1566-ல செக்ரட்டரிய குத்திக் கொன்ன கதை டீன்ஏஜ் பிள்ளைங்களுக்கு சரிப்படும். சின்னதுங்கள எதிர்ல இருக்குற ஹோலிரூட் பார்க் புல்லுல விட்டுடுங்க. திரும்ப மேல ஏற வேண்டாம், 35 பஸ் பிடிங்க.

மழை நாள்

மழை பெய்ஞ்சா கவலையே இல்ல, சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்ல நேஷனல் மியூசியம் ஆஃப் ஸ்காட்லாந்து, பத்திலிருந்து அஞ்சு மணி வரைக்கும், இலவசம். நான் ஊருக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் முதல்ல இங்கதான் தள்ளி விடுவேன். லிஃப்ட் இருக்கு, பிராம் ஓட்டலாம், சத்தம் போட்டா யாரும் முறைக்க மாட்டாங்க.

ஒரே நாள்ல முழுசா பாக்கணும்னு நினைக்காதீங்க, முடியாது. டாலி ஆடு, அதாவது வளந்த விலங்கோட செல்லுலிருந்து குளோனிங் பண்ணின முதல் பாலூட்டி, 1996-ல பொறந்த செம்மறி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாடம் பண்ணி வெச்சிருக்காங்க, மெதுவா சுத்திட்டே இருக்கும், பிள்ளைங்களுக்கு பொம்மையா நிஜமான்னு சந்தேகம் வரும், நிஜம்னு சொன்னதும் ஒரு அமைதி. பக்கத்துலயே எஃப் ஒன் கார் ஓட்டுற சிமுலேட்டர், அங்க உங்க மத்தியானம் போயிடும். விலங்குங்க இருக்குற ஹால்ல டைனோசர் எலும்புக்கூடும் மேல தொங்குற திமிங்கிலமும். லூயிஸ் தீவுல கிடைச்ச செஸ் காய்ங்க பதினொண்ணு இங்க இருக்கு, மீதி பெரும்பாலும் லண்டன்ல, பல்லால கேடயத்த கடிச்சிட்டு நிக்கிற வீரன் ஒண்ணு இருக்கும், கண்டுபிடிக்க சொல்லுங்க, பத்து நிமிஷம் உங்களுக்கு நிம்மதி. மழை விட்டுதுன்னா லிஃப்ட்ல ஏழாவது மாடி மொட்டை மாடிக்கு போங்க, கோட்டை, கடல், மலை எல்லாம் தெரியும், காசும் இல்ல, நடையும் இல்ல.

வெளிய வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிரேஃப்ரையர்ஸ் பாபி சிலை. எஜமான் 1858-ல செத்தப்புறம் தானும் 1872-ல சாகற வரைக்கும் கல்லறைய விட்டு போகலன்னு சொல்ற நாய். மூக்க தடவினா அதிர்ஷ்டம்னு டூரிஸ்டுங்க கிளப்பி விட்டு மூக்கு தேஞ்சு போச்சு, ஊர்க்காரங்களுக்கு அதுல கடுப்பு, தடவாதீங்க. பின்னாடி இருக்குற கல்லறைத் தோட்டத்துல பாபி நினைவுக் கல் முன்னாடி ஜனங்க குச்சி வெச்சிட்டு போறாங்க, பிள்ளைங்கள ஒரு குச்சி பொறுக்கி வைக்க சொல்லுங்க, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

மலை ஏறணும்னு அடம் பிடிச்சா

ரெண்டு மலை இருக்கு. ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர், பல கோடி வருஷத்துக்கு முன்னாடி அணைஞ்சு போன எரிமலை. கேக்க சின்னதா இருக்கும், ஹோலிரூட்ல இருந்து ஏறி இறங்க குழந்தைங்களோட ரெண்டரை மணி நேரம் வெச்சுக்கோங்க, உச்சியில பாறை ஜனங்க மிதிச்சு மிதிச்சு வழவழன்னு ஆகியிருக்கு, காத்து ஆளத் தள்ளும். ஏழெட்டு வயசுக்கு மேலன்னா சரி, டன்சப்பி ஏரி பக்கத்துல இருந்து ஏறினா தூரம் குறைவு. ரப்பர் செருப்போட, சேலையோட ஏறுறவங்களையும் பாக்குறேன், ஷூ போடுங்க.

அதுக்கு கீழ வயசுன்னா கால்டன் ஹில். பிரின்சஸ் ஸ்ட்ரீட் கோடியில வாட்டர்லூ பிளேஸ்ல இருந்து படி ஏறினா பத்து நிமிஷம், 103 மீட்டர்தான், போஸ்ட்கார்டுல வர்ற எடின்பரா படம் பாதி இங்கிருந்து எடுத்ததுதான். உச்சியில கிரேக்க கோவில் மாதிரி பன்னெண்டு தூண் மட்டும் நிக்கும். நெப்போலியன் போர்ல செத்தவங்களுக்கு நினைவா 1826-ல கட்ட ஆரம்பிச்சு, 1829-ல காசு தீந்து போயி அப்படியே விட்டது. அந்த மேடையில ஏறி குதிக்கறதுக்குன்னே பிள்ளைங்க க்யூவுல நிக்கும்.

எதுவும் ஏற வேண்டாம்னா பிரின்சஸ் ஸ்ட்ரீட் கார்டன். ஒரு காலத்துல சாக்கடை கலந்த ஏரி, வத்த வெச்சு தோட்டமாக்கினாங்க. மேற்கு பக்கம் பிளே ஏரியா இருக்கு, ரயில் பைத்தியம் பிடிச்ச பிள்ளை இருந்தா கோட்டைக்கு அடியில தண்டவாளத்த கடக்குற நடைபாலத்துல நிறுத்துங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு கீழயே போகும், கை காட்டினா சில டிரைவருங்க ஹாரன் அடிப்பாங்க.

26 பஸ், 23 பஸ், அப்புறம் டிராம்

ஜூ கார்ஸ்டர்ஃபின் மலைச்சரிவுல இருக்கு, இங்கயும் அதே விதிதான், தெம்பு இருக்கும்போதே நேரா உச்சிக்கு போயிட்டு, பாத்துக்கிட்டே இறங்குங்க. பாண்டா கிடையாது, 2023 டிசம்பர்ல சீனாவுக்கு போயிடுச்சு, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பென்குவின் இருக்கு, அதுல ஒண்ணு நார்வே ராஜாவோட காவல்படையில மேஜர் ஜெனரல், நிஜமாத்தான், பேரு சர் நில்ஸ் ஓலாவ். பென்குவின் ஊர்வலம் 1951-ல ஒருத்தர் கதவ சாத்த மறந்ததுல தற்செயலா ஆரம்பிச்சது, இன்னிக்கும் பென்குவினுங்களுக்கு இஷ்டம் இருந்தாதான் வரும். அன்னிக்கு நடக்குமான்னு வாசல்லயே கேட்டுக்கோங்க.

போர்ட்டபெல்லோ வெயில் நாளைக்கு. மணல், நீள நடைபாதை, ஐஸ்க்ரீம். தண்ணி ஜூலையிலயும் ஐஸ், கால நனைச்சா போதும். சிப்ஸ் பொட்டலத்த கையில திறந்து வெச்சிட்டு நடக்காதீங்க, கடல்புறா பின்னாடியிருந்து வந்து பிடுங்கிடும், குழந்தை கைன்னா அதுக்கு இன்னும் சுலபம்.

பொட்டானிக் கார்டன் இலவசம், 1670-ல ஆரம்பிச்சது. பந்து, ஸ்கூட்டர், சைக்கிள் எதுக்கும் உள்ள அனுமதி இல்ல, நாய்க்கும் இல்ல, அதனால நடை பழகுற குழந்தைய பயமில்லாம விடலாம். கண்ணாடி வீடுங்கள்ல சில வருஷமா புதுப்பிக்கிற வேலை நடக்குது, அதை நம்பி போகாதீங்க. பந்து விளையாடணும்னா மேற்கு கேட்டுக்கு எதிர்ல இன்வர்லீத் பார்க், குளம், ஊஞ்சல் எல்லாம் அங்க.

டிராம்ல ஓஷன் டெர்மினல் போனா ராணியோட பழைய கப்பல் பிரிட்டானியா, 1953-ல தண்ணில இறக்கி 1997 வரைக்கும் ஓடினது. உள்ள அங்கங்க பொம்மை கார்கி நாய் ஒளிச்சு வெச்சிருப்பாங்க, எண்ணிட்டு வர சொன்னா பிள்ளைங்க உங்களவிட முன்னாடி ஓடும், நீங்க ஆடியோ கைட நிம்மதியா கேக்கலாம்.

அரை நாள் மிச்சம் இருந்தா ஃபோர்த் பாலம். 1890-ல கட்டின சிவப்பு ரயில் பாலம், ரெண்டரை கிலோமீட்டர், 2015-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்தது. டால்மெனி ஸ்டேஷன்ல இறங்கி கீழ நடந்து பாக்கறதுதான் எல்லாரும் பண்றது, நான் சொல்றது என்னன்னா முதல்ல இன்னொரு ஸ்டேஷன் தாண்டி நார்த் குயின்ஸ்ஃபெரி வரைக்கும் ட்ரெயின்லயே பாலத்து மேல போயிட்டு, திரும்பி வந்து டால்மெனில இறங்குங்க. சிவப்பு இரும்பு ஜன்னல்ல சரசரன்னு ஓட, இடுக்கு வழியா கீழ கப்பல் தெரியும்.

சாப்பாடு

ராயல் மைல்ல உக்காந்து சாப்பிட்டா பர்ஸ் காலி. டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் மாதிரி சூப்பர் மார்க்கெட்ல மீல் டீல், அதாவது சாண்ட்விச், நொறுக்கு, குடிக்க ஒண்ணு சேந்த செட், வாங்கி பார்க்ல உக்காருங்க, குழாய்த் தண்ணி நல்லா இருக்கும், பாட்டில் வாங்காதீங்க. சோறு கேட்டு அழுதா நிக்கல்சன் ஸ்ட்ரீட் பக்கம் போங்க, யூனிவர்சிட்டி ஏரியா, மசூதிய சுத்தி குறைஞ்ச விலைல சாதம், பருப்பு, கறி கிடைக்கும், இந்திய கடைங்களும் அங்கதான். சிப் கடையில சால்ட் அண்ட் சாஸ் வேணுமான்னு கேப்பாங்க, ஒரு ப்ரவுன் கலர் புளிப்பு சாஸ், எடின்பராவுக்கே உரியது, ட்ரை பண்ணுங்க. சைவம்னா எண்ணெயில பொரிச்சதா, மாட்டுக் கொழுப்புல பொரிச்சதான்னு கேட்டுடுங்க, சில கடையில கொழுப்புதான். ஹாகிஸ்ங்கறது ஆட்டு உள்ளுறுப்புல செய்யற ஸ்காட்லாந்து சாப்பாடு, அதோட சைவ வகை நிறைய இடத்துல இருக்கு, பருப்பு, ஓட்ஸ், மிளகு போட்டது, நம்ம நாக்குக்கு பழக்கமான ருசிதான். பப்ல பிள்ளைங்களோட சாப்பிடறதுன்னா வாசல்லயே கேளுங்க, பல இடத்துல எட்டு மணிக்கு மேல விடமாட்டாங்க.

இங்கயே இருக்கப் போறவங்களுக்கு

பழைய கோட்டைங்கள பராமரிக்கிற ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்தோட குடும்ப மெம்பர்ஷிப் கணக்கு போட்டு பாருங்க, எடின்பரா, ஸ்டர்லிங் ரெண்டு கோட்டைக்கும் குடும்பத்தோட போனாலே பெரும்பகுதி வசூலாகிடும். அதே கார்டுல கிரெய்க்மில்லர் கோட்டை போங்க, ஊருக்கு தெக்கால, கூரை போன பழைய கோட்டை, கூட்டமே இருக்காது, சுருள் படி, இருட்டு ரூம், உச்சி மொட்டை மாடின்னு ஒளிஞ்சு விளையாடவே கட்டின மாதிரி இருக்கும். எனக்கு பெரிய கோட்டையவிட இதுதான் ஒரு படி மேல.

41 பஸ்ல க்ராமண்ட்ங்கற கடலோர இடத்துக்கு போறவங்க மட்டும் இதை ரெண்டு தடவை படிங்க. கடல் வத்தும்போது கல் பாதையில நடந்து ஒரு குட்டித் தீவுக்கு போகலாம், பாதை ஓரமா ரெண்டாம் உலகப் போர்ல படகத் தடுக்க நட்ட கான்கிரீட் தூணுங்க வரிசையா நிக்கும், பிள்ளைங்களுக்கு பெரிய அட்வெஞ்சர். ஆனா தண்ணி திரும்பி வர்றது கண்ணுக்கே தெரியாது, பாதை முழுசா முங்கிடும், வருஷா வருஷம் குடும்பம் குடும்பமா மாட்டிக்கிட்டு லைஃப்போட் வந்து கூட்டிட்டு வருது. அலை முழுசா வத்துற நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்ன, ரெண்டு மணி நேரம் பின்ன, அவ்வளவுதான் பத்திரமான நேரம். பாதை ஆரம்பத்துல போர்டு இருக்கு, இல்லன்னா போன்ல இங்கிலீஷ்ல க்ராமண்ட்னு டைப் பண்ணி 81400-க்கு மெசேஜ் அனுப்பினா அன்னிக்கு நேரம் வந்துடும். போற நேரத்தவிட திரும்ப வேண்டிய நேரத்துக்கு போன்ல அலாரம் வைங்க, பிள்ளைங்க வேகத்துல நடந்தா ஒரு பக்கத்துக்கே அரை மணி நேரத்துக்கு மேல ஆகும்.